ஹெல்த் அன்ட் சோஷல் கெயார்: இந்தப் படிப்பில் என்னதான் படிக்கிறார்கள்?

நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த புதிதில் ஒரு கலியாண வீட்டில் சித்தி கேட்டார்: "என்ன பிள்ளை, நேர்ஸிங்கே படிக்கிறாய்?" இல்லை என்றேன். "அப்ப சோஷல் வேர்க்கோ?" அதுவும் இல்லை என்றேன். சித்தியின் முகத்தில் கவலை தெரிந்தது. இரண்டும் இல்லையென்றால் வேறென்ன? அன்றைக்கு எனக்கு ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியவில்லை. பட்டம் முடித்து, கெயார் ஹோம் என்ற பராமரிப்பு இல்லத்திலும் பிறகு ஒரு தொண்டு நிறுவனத்திலும் வேலை செய்த பிறகு இப்போது சொல்ல வரும். இங்கிலாந்தில் இந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்க நினைக்கும் பிள்ளைகள், வேலை செய்துகொண்டே படிக்கலாமா என்று யோசிக்கும் அக்காமார் அண்ணாமார், சித்தியைப்போலக் கவலைப்படும் பெற்றோர் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு உதாரணத்தோடு தொடங்கினால் சுலபம். லண்டன் ஈஸ்ட் ஹாமில் தனியாக இருக்கும் எண்பது வயது அம்மம்மா ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அம்புலன்ஸ் வருகிறது. ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை நடக்கிறது. பிசியோதெரபிஸ்ட் வந்து கையைப் பிடித்து எழுப்பி நிற்க வைக்கிறார். இவ்வளவுக்கும் அம்மம்மா ஒரு சதம்கூடக் கட்டவேண்டியதில்லை. இது 'ஹெல்த்'. என்.எச்.எஸ். என்ற தேசிய சுகாதார சேவை பார்த்துக்கொள்ளும்.

பத்து நாள் கழித்து வைத்தியர், "இனி நீங்கள் வீட்டுக்குப் போகலாம்" என்கிறார். போகலாம், ஆனால் எப்படி? படுக்கையறை மேல்மாடியில். குளியல்தொட்டிக்குள் காலைத் தூக்கி வைக்க முடியாது. காலையில் எழுப்பி, முகம் கழுவி, உடுப்பு மாற்றி, குளிசை எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். மகன் மில்டன் கீன்ஸில், மகள் கனடாவில். இந்த இடத்திலிருந்து 'சோஷல் கெயார்' தொடங்குகிறது. பொறுப்பு உள்ளூர் கவுன்சிலுக்குக் கைமாறுகிறது, விதிகளும் மாறுகின்றன. திரும்பவும் தானாக நடமாடப் பழக்கும் உதவி ஆறு கிழமை வரைக்கும் இலவசமாகக் கிடைக்கலாம். அதற்குப் பிறகும் ஆள் தேவையென்றால் கவுன்சில் அவருடைய தேவையை மதிப்பிடும், கூடவே வங்கிக் கணக்கையும் பார்க்கும். இங்கிலாந்தில் 23,250 பவுண்டுக்கு மேல் சேமிப்பு இருந்தால் செலவு முழுவதும் அவருடையது. 14,250 பவுண்டுக்குக் கீழே இருந்தால் சேமிப்பைத் தொடமாட்டார்கள், வருமானத்தில் மட்டும் பங்கு கேட்பார்கள். வீட்டில் இருந்தபடியே உதவி பெற்றால் சொந்த வீட்டின் பெறுமதி கணக்கில் வராது. நிரந்தரமாகக் கெயார் ஹோமுக்குப் போனால், கணவனோ மனைவியோ அந்த வீட்டில் தொடர்ந்து இருந்தாலொழிய, பெரும்பாலும் வரும்.

அதே அம்மம்மா, அதே இடுப்பு. ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டு இறங்கியதும் சட்டம் வேறு, காசு வேறு, கேட்க வேண்டிய ஆளும் வேறு. கட்டில் தேவை என்று ஆஸ்பத்திரி நெருக்கும். ஆள் இன்னும் ஒழுங்காகவில்லை என்று கவுன்சில் இழுக்கும். நடுவில் அம்மம்மா சாமான் பையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் காத்திருப்பார். ஹெல்த் அன்ட் சோஷல் கெயார் என்ற பெயரில் எனக்கு முக்கியமாகப் படுவது நடுவில் இருக்கும் அந்த 'அன்ட்'தான். தாதி உடம்பைப் படிக்கிறார், சோஷல் வேர்க்கர் குடும்பத்தையும் சட்டத்தையும் படிக்கிறார். இந்தப் பட்டப்படிப்பில் நீங்கள் படிப்பது, இவை இரண்டும் ஒரு மனிதரின் வாழ்க்கையில் எப்படிச் சேர்கின்றன, எங்கே சேராமல் போகின்றன என்பதை.

ஏன் இப்படி இரண்டாகப் பிரிந்தது? இதற்கு ஒரு தேதியே உண்டு: 1948 ஜூலை 5. அன்றைக்குத்தான் என்.எச்.எஸ். தொடங்கியது. சுகாதார அமைச்சர் அனைரின் பெவன் அதை வரிப்பணத்தில், சிகிச்சை பெறும் இடத்தில் யாரிடமும் காசு கேட்காத சேவையாக அமைத்தார். அதே நாளில் தேசிய உதவிச் சட்டம் என்ற இன்னொரு சட்டமும் நடைமுறைக்கு வந்தது. நூற்றாண்டுக் கணக்காக இருந்த ஏழைகள் சட்டத்தை ஒழித்து, முதியோருக்கும் அங்கவீனமானோருக்கும் தங்குமிடம் கொடுக்கும் வேலையை அது உள்ளூராட்சி சபைகளிடம் ஒப்படைத்தது. ஆனால் அந்தத் தங்குமிடத்துக்கு வசதிக்கேற்பக் கட்டணம் வாங்கலாம் என்றும் வைத்தது. இடுப்பு முறிந்தால் இலவசம், முறிந்த இடுப்போடு வாழக் காசு என்ற நிலைமையின் வேர் அங்கே இருக்கிறது.

இது எல்லா இடத்திலும் இப்படித்தான் என்றில்லை. வட அயர்லாந்தில் 1973 இலிருந்தே இரண்டும் ஒரே நிர்வாகத்தின் கீழ். ஸ்கொட்லாந்தில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களைக் குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது போன்ற தனிப்பட்ட பராமரிப்பு 2002 இலிருந்து இலவசம், 2019 இலிருந்து அந்த வயதுக்குக் குறைந்தவர்களுக்கும். இங்கிலாந்தில் அமைச்சின் பெயரில் 'சோஷல் கெயார்' என்ற சொல் 2018 இல்தான் சேர்ந்தது. 2022 இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, நாட்டை 42 பகுதிகளாகப் பிரித்து, ஆஸ்பத்திரிகளும் கவுன்சில்களும் ஒன்றாகத் திட்டமிட வேண்டும் என்றார்கள். வகுப்பில் இதைப் படிக்கும்போது வெறும் நிர்வாக வரலாறு போலத் தெரியும். வார்ட்டில் காத்திருக்கும் ஒருவரைப் பார்த்தபிறகு அப்படித் தெரியாது.

சரி, வகுப்புக்குள் போவோம். முழுநேரமாகப் படித்தால் இளமாணிப் பட்டத்துக்கு மூன்று வருடம், வருடத்துக்கு 120 கிரெடிட், மொத்தம் 360. பாடங்களின் பெயர் இடத்துக்கு இடம் மாறும். மனித உடலும் நோய்களும், சமூகவியல், உளவியல், பொதுச் சுகாதாரம், சட்டமும் கொள்கையும், ஆய்வுமுறை ஆகியவை எங்கேயும் இருக்கும். கடைசி வருடத்தில் அநேகமாக ஒரு சொந்த ஆய்வு எழுதவேண்டி வரும். இவற்றில் என்னை ஆட்டி வைத்தவற்றைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது, ஆரோக்கியம் ஆஸ்பத்திரியில் உண்டாவதில்லை என்ற விஷயம். வேல்ஸில் கிளின்கோரக் என்ற சுரங்கத் தொழிலாளர் ஊரில் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்றொரு வைத்தியர் இருந்தார். 1971 இல் அவர் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்: நல்ல வைத்தியம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கிறது. முதல் தவணையிலேயே இதைப் படிக்க வைத்துவிடுவார்கள். 1980 இல் சேர் டக்ளஸ் பிளாக் தலைமையிலான குழு, என்.எச்.எஸ். வந்து முப்பது வருடம் கழிந்தும் ஏழைக்கும் பணக்காரருக்கும் இடையிலான ஆயுள் வித்தியாசம் மறையவில்லை என்று காட்டியது. அந்த அறிக்கையை அரசாங்கம் நீண்ட வார இறுதி விடுமுறையை ஒட்டி, 260 பிரதிகள் மட்டும் எடுத்து, சத்தமில்லாமல் வெளியிட்டது. 2010 இல் மைக்கல் மார்மட்டின் அறிக்கை வந்தது. இங்கிலாந்தின் மிக வறிய பகுதிகளில் வாழ்கிறவர்கள் மிக வசதியான பகுதிகளில் வாழ்கிறவர்களைவிடச் சராசரியாக ஏழு வருடம் முன்னதாக இறக்கிறார்கள் என்றது அது. உடல் இயலாமை இல்லாமல் வாழும் வருடங்களைப் பார்த்தால் வித்தியாசம் பதினேழு.

பதினேழு வருடம். ஈரம் ஊறிய வீடு, இரவு வேலை, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம், ஆங்கிலம் தெரியாததால் கேட்காமல் விட்ட கேள்விகள் எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை இது. எங்கள் ஆட்களில் ஒருவருக்குச் சீனி வியாதி வந்தால், "சோறு கூடத் திண்டதுதான்" என்று முடித்துவிடுகிறோம். உண்மையில் தெற்காசிய உடலுக்கே ஆபத்து முன்னதாகத் தொடங்குகிறது. பொதுவாக உடல் நிறைச் சுட்டெண் 25 இல் எச்சரிக்கிறார்கள், எங்களுக்கு 23 இலேயே எச்சரிக்க வேண்டும் என்பது இங்கே வைத்தியர்களுக்கான வழிகாட்டல். அதோடு பன்னிரண்டு மணித்தியால வேலை, வேலை முடிந்து இரவு பத்து மணிக்குச் சாப்பாடு, நடக்க நேரமில்லாத வாழ்க்கை. இவற்றையும் பார்க்காமல் சோற்றைமட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை என்று இந்தப் படிப்பு எனக்குக் காட்டியது.

இரண்டாவது, 2005 இன் மன ஆற்றல் சட்டம். எங்கள் குடும்பங்களோடு இது நேரடியாக முட்டும் இடம் என்பதால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். அந்தச் சட்டத்துக்கு ஐந்து அடிப்படைகள். வளர்ந்த ஒருவருக்கு முடிவெடுக்கும் ஆற்றல் இருக்கிறது என்றே தொடங்கவேண்டும், இல்லை என்று சொல்கிறவர்தான் அதைக் காட்டவேண்டும். அவர் தானாக முடிவெடுக்க, மொழிபெயர்ப்பாளர் உட்பட, முடிந்த உதவியெல்லாம் செய்யவேண்டும். அவர் எடுக்கும் முடிவு எங்களுக்குப் புத்தியில்லாததாகப் படுவதால்மட்டும் அவருக்கு ஆற்றல் இல்லை என்று சொல்லக்கூடாது. உண்மையிலேயே ஆற்றல் இல்லாவிட்டால், அவருக்காக எடுக்கும் முடிவு அவருடைய நலனுக்காகவே இருக்கவேண்டும். அப்போதும் அவருடைய சுதந்திரத்தை ஆகக் குறைவாகக் கட்டுப்படுத்தும் வழியைத் தேடவேண்டும்.

அந்த ஐந்தில் மூன்றாவதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். சீனி வியாதியுள்ள அம்மா தீபாவளிக்கு இரண்டு லட்டு சாப்பிடப்போகிறேன் என்கிறார். விளைவு அவருக்குத் தெரியும், தெரிந்துதான் சொல்கிறார். கெயார் ஹோமில் அதைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை. எடுத்துச் சொல்லலாம், சிறிய லட்டாகக் கொடுக்கலாமா என்று கேட்கலாம், இரத்தத்தில் சீனியைச் சோதிக்கலாம். பறிக்க முடியாது.

இதைவிடக் கடினமானது வேறொன்று. அம்மாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் பிள்ளைகள் வார்ட் வாசலில் தாதியை மறித்து, "அம்மாவிட்டச் சொல்லாதேங்கோ, தாங்கமாட்டா" என்பார்கள். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அம்மாவுக்கு விளங்கிக்கொள்ளும் ஆற்றல் இருந்தால் அது அம்மாவின் தகவல். சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் சொல்லவேண்டியவர் அவர். மருத்துவ விடயங்களுக்கான நிரந்தர அதிகாரப் பத்திரம் பிள்ளையின் கையில் இருந்தாலும், அம்மாவால் முடிவெடுக்க முடியாமல் போனபிறகுதான் அது செல்லும். வகுப்பில் இதைப் பற்றிப் பேசியபோது நான் முதலில் கோபப்பட்டேன். "உங்களுக்கு எங்கள் குடும்பங்களைத் தெரியாது" என்றேன். விரிவுரையாளர் என்னோடு வாதாடவில்லை. "அம்மாவிடம், 'உங்களுக்கு எவ்வளவு தெரியவேண்டும், யாரிடம் சொல்லவேண்டும்' என்று யாராவது கேட்டார்களா?" என்றுமட்டும் கேட்டார். சில அம்மாமார், "எனக்கு ஒன்றும் வேண்டாம், மகனிட்டச் சொல்லுங்கோ" என்பார்கள். அதுவும் அவர்களுடைய முடிவுதான், அதை மதிக்கவேண்டும். கேட்காமல் விடுவதுதான் பிழை. அன்றைக்கு எனக்குள் ஏதோ ஒன்று இடம் மாறியது.

அங்கவீனத்தைப் பற்றியும் இப்படி ஒரு திருப்பம் வரும். 1970 களில் பிரிட்டனில் அங்கவீனமானவர்களே ஒன்றுகூடி, எங்களை முடக்குவது எங்கள் உடம்பு இல்லை, எங்களை நினைக்காமல் கட்டிய படிக்கட்டுகளும் பேருந்துகளும் வேலைத்தளங்களும்தான் என்றார்கள். மைக் ஒலிவர் என்ற அறிஞர் 1983 இல் அதற்குச் 'சமூக மாதிரி' என்று பெயர் வைத்தார். அவரும் சக்கர நாற்காலி பாவித்தவர். இதைப் படித்தபிறகு எங்கள் கோயில் வாசலில் நிற்கும்போது முதலில் படிகளை எண்ணத் தொடங்கிவிட்டேன்.

2014 இன் கெயார் சட்டத்தில் ஒரு பகுதியை ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் சொல்லவேண்டும் என்று எனக்கு ஆசை. சம்பளமில்லாமல் வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு இங்கே 'கெயாரர்' என்று பெயர். அவர் தன் தேவைகளை மதிப்பிடும்படி கவுன்சிலைக் கேட்கலாம். பார்த்துக்கொள்ளப்படுகிறவர் தனக்கு எந்த மதிப்பீடும் வேண்டாம் என்று சொன்னாலும், பார்த்துக்கொள்கிறவருக்கு அந்த உரிமை தனியாக இருக்கிறது. எங்கள் மொழியில் இதற்குச் சரியான சொல் இல்லாதது பெரிய சிக்கல். பராமரிப்பாளர் என்றால் சம்பளத்துக்கு வருகிறவர்போல இருக்கிறது. மாமியாரைப் பத்து வருடம் தூக்கி எடுத்த மருமகளிடம் "நீங்கள் கெயாரரா?" என்று கேட்டால், "இல்லை, நான் மருமகள்" என்பார். முதுகு வலியோடு, ஓரிரவுகூட முழுத் தூக்கமில்லாமல் அதைச் சொல்வார். படிவத்தில் 'இல்லை' என்று ஒரு கோடு விழும், உதவி அதோடு நின்றுவிடும்.

இந்த மாதிரி விதிகள் எல்லாம் சும்மா வந்தவை இல்லை. 2011 இல் வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் ஆஸ்பத்திரியில் கற்றல் குறைபாடு உள்ளவர்களை ஊழியர்கள் துன்புறுத்தியதை பி.பி.சி. இரகசியக் கமராவில் காட்டியது. 2013 இல் மிட் ஸ்டஃபர்ட்ஷயர் ஆஸ்பத்திரி பற்றிய பிரான்ஸிஸ் அறிக்கை வெளியானது. நோயாளிகள் தண்ணீர்கூடக் கைக்கு எட்டாமல் கிடந்ததை அது பதிவு செய்தது. புதிதாக வேலைக்கு வரும் கெயாரர்களுக்குக் கெயார் சேர்ட்டிபிகேட் என்ற அடிப்படைப் பயிற்சி 2015 இல் வந்தது இவற்றுக்குப் பிறகுதான். இந்தப் பாடங்கள் மனதைப் பாரமாக்கும். ஆனாலும் தவிர்க்காமல் படியுங்கள், ஏனென்றால் கெட்ட மனிதர்கள்மட்டும் சேர்ந்து செய்தவை அல்ல அவை. ஆள் பற்றாக்குறையும் அவசரமும் பழக்கதோஷமும் சேர்ந்தால் சாதாரண மனிதர்களும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.

அதை நானே பார்த்தேன். இரண்டாம் வருடப் பிளேஸ்மன்ட்டுக்கு, அதாவது நடைமுறைப் பயிற்சிக்கு, லண்டனில் ஒரு கெயார் ஹோமுக்கு அனுப்பினார்கள். அங்கே மறதிநோயோடு ஒரு தமிழ் அம்மா இருந்தார். அவரை எப்படிப் பார்க்கவேண்டும் என்று எழுதிவைக்கும் கெயார் பிளானில் 'பேசுவதில்லை, கேட்டால் பதில் வராது' என்று எழுதியிருந்தது. மொழி என்ற இடத்தில் 'ஆங்கிலம்'. ஊழியர்களும் அன்பானவர்கள்தான், காலையில் "குட் மோர்னிங் டார்லிங்" என்று சொல்லித்தான் திரைச்சீலையைத் திறப்பார்கள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். ஒருநாள் பின்னேரம் அவருக்குத் தலை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தேன். நரைத்த, மெல்லிய, நீளமான முடி. சிக்கு விழுந்திருந்தது. சீப்பு ஒரு இடத்தில் மாட்டியது. மிக மெல்லிய குரலில், கிட்டத்தட்ட மூச்சோடு, அவர் கேட்டார்: "எண்ணெய் வைக்கேல்லையே?"

எனக்குக் கை நின்றுவிட்டது. பிறகு விசாரித்தபோது விளங்கியது. அவரை அங்கே சேர்த்தபோது தொலைபேசியில் தகவல் கேட்டிருக்கிறார்கள், மகன் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியும் என்றிருக்கிறார். அப்போது தெரிந்துதான் இருந்தது. மறதிநோயில் பிறகு கற்ற மொழி முதலில் போய், சிறுவயது மொழி மிஞ்சுவது பலருக்கு நடக்கிறது. அவர் பேசாமல் இருக்கவில்லை, மெல்லிய குரலில் தமிழில் பேசிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் அதை முனகல் என்று நினைத்தார்கள்.

டொம் கிட்வுட் என்ற உளவியலாளர் பிராட்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு மறதிநோய்ப் பராமரிப்பையே மாற்றியவர். நோயைப் பார்க்காமல் அந்த மனிதரைப் பாருங்கள் என்பது அவருடைய நிலைப்பாடு. வகுப்பில் அதை நான் குறிப்பெடுத்துப் பரீட்சைக்குப் பாடமாக்கியிருந்தேன். அந்தச் சீப்பு மாட்டியபோதுதான் அதன் பொருள் விளங்கியது. பொறுப்பாளரிடம் போய்ச் சொன்னேன், கெயார் பிளானில் இரண்டு வரியை மாற்றினார்கள். தமிழில் எழுதிய இருபது சொற்களை ஆங்கில உச்சரிப்போடு அவருடைய அறைக் கதவின் உட்பக்கம் ஒட்டினோம்: தண்ணி, வலி, குளிர், போதும், சாப்பாடு. அலுமாரியில் ஒரு போத்தல் தேங்காயெண்ணெய் வைத்தோம்.

எழுதும் முறையைப் பற்றியும் ஒரு சொல். ஊரில் படித்து வந்தவர்கள் இங்கே தடுமாறுவது பெரும்பாலும் அசைன்மன்ட்டில்தான். பாடமாக்கி ஒப்புவிக்க எங்களுக்கு வரும். இங்கே 'நான் என்ன செய்தேன், அப்போது என்ன உணர்ந்தேன், அடுத்தமுறை எப்படிச் செய்வேன்' என்று எழுதச் சொல்வார்கள். 1988 இல் கிரஹாம் கிப்ஸ் என்பவர் அமைத்த ஆறு படிகள் கொண்ட ஒரு வட்டம் இருக்கிறது: நடந்ததைச் சொல், உணர்ந்ததைச் சொல், நல்லது கெட்டதை நிறு, ஏன் என்று ஆராய், முடிவுக்கு வா, அடுத்ததைத் திட்டமிடு. முதல்முறை எழுதியபோது எனக்கு வெட்கமாக இருந்தது, 'நான்' என்று கட்டுரையில் எழுதுவதே பிழை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்திருந்தார்கள். இரண்டு மூன்று எழுதியபிறகு பழகிவிடும். அந்த எண்ணெய்க் கதையைத்தான் நான் அப்படி எழுதினேன்.

இப்போது சித்தியின் கேள்விக்கு வருகிறேன். இதைப் படித்தால் என்ன வேலை? இதை ஒளிக்காமல் சொல்லவேண்டும், ஏனென்றால் விளம்பரங்களில் இது மங்கலாகத்தான் இருக்கும். ஹெல்த் அன்ட் சோஷல் கெயார் பட்டம்மட்டும் உங்களைத் தாதியாகவோ சோஷல் வேர்க்கராகவோ ஆக்காது. தாதியாக நேர்ஸிங் அன்ட் மிட்வைஃபரி கவுன்சிலில் பதியவேண்டும், அதற்கு அங்கீகரிக்கப்பட்ட நேர்ஸிங் படிப்பும் அதற்குள் 2,300 மணித்தியால நடைமுறைப் பயிற்சியும் வேண்டும். சோஷல் வேர்க்கர் என்ற பட்டப்பெயரையே சோஷல் வேர்க் இங்கிலன்ட் அமைப்பில் பதிந்தவர்தான் பாவிக்கலாம், அதற்கும் தனி அங்கீகாரம் பெற்ற படிப்பு வேண்டும். பிசியோதெரபி, ஒக்கியுபேஷனல் தெரபி எல்லாம் இப்படித்தான். "இந்தக் கோர்ஸை முடித்தால் நேர்ஸ் ஆகலாம்" என்று ஒரு முகவர் சொன்னால், எந்தப் பதிவேட்டில் என் பெயர் வரும் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்படியென்றால் வீண் படிப்பா? இல்லவே இல்லை. இந்தப் பட்டத்தோடு இரண்டு வருட முதுமாணிப் படிப்பில் சோஷல் வேர்க்குக்கோ நேர்ஸிங்குக்கோ போகிறவர்கள் நிறைய. நேரே வேலைக்குப் போகிறவர்கள் கெயார் ஒருங்கிணைப்பாளர், கெயார் ஹோம் முகாமையாளர், வீடமைப்பு உதவி, மனநல உதவி, கவுன்சில், தொண்டு நிறுவனம் என்று பல பக்கம் போகிறார்கள். 2019 இலிருந்து ஜி.பி. எனப்படும் குடும்ப வைத்தியர் நிலையங்களில் பெருகிய ஒரு வேலை எனக்குப் பிடித்தமானது. குளிசையால் தீராத பிரச்சினையோடு வருகிறவர்களை, அதாவது தனிமை, கடன், வீட்டுப் பிரச்சினை உள்ளவர்களை, சரியான இடத்தோடு இணைத்துவிடுகிறவர் அவர். ஆங்கிலத்தில் லிங்க் வேர்க்கர் என்பார்கள். தமிழும் ஆங்கிலமும் தெரிந்த ஒருவர் அந்தக் கதிரையில் இருந்தால் ஹரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் எத்தனை முதியவர்கள் வாய் திறப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இரண்டு பக்கத்தையும் ஒரே ஆளில் பார்க்க ஆசையென்றால் சிசிலி சோண்டர்ஸ் பற்றித் தேடிப் படியுங்கள். முதலில் தாதி. முதுகு உபாதையால் அதை விட்டு ஆஸ்பத்திரிச் சமூக சேவகியானார். பிறகு வைத்தியராகப் படித்தார். 1967 இல் லண்டனில் இறுதிக் காலத்தில் இருப்போரைப் பராமரிக்கும் சென் கிறிஸ்டோபர்ஸ் ஹொஸ்பிஸைத் தொடங்கினார். சாகிறவரின் வலி உடம்பில்மட்டும் இல்லை, மனதிலும் குடும்பத்திலும் காசுக் கவலையிலும் கடவுள் நம்பிக்கையிலும் சேர்ந்தே இருக்கிறது, எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும் என்றார். அந்த 'அன்ட்' நடமாடினால் அவரைப் போலத்தான் இருக்கும்.

சேரும் வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பதினாறு வயதுக்குப் பிறகு படிக்கும் ஏ லெவல், பிடெக், டி லெவல் தகுதிகள் எல்லாவற்றையும் ஏற்கிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு நாளானவர்களுக்கு ஒரு வருடத்தில் முடிக்கக்கூடிய அக்சஸ் டிப்ளோமா இருக்கிறது. அடிப்படை வருடம் ஒன்றைச் சேர்த்து நான்கு வருடமாகவும் படிக்கலாம். வேலையை விடமுடியாதவர்களுக்குத் தொலைக்கல்வி வழங்கும் ஓபன் யூனிவர்சிற்றி நல்ல வழி, அங்கே பெரும்பாலான பட்டங்களுக்கு முன்தகுதி கேட்பதில்லை. இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவர் கட்டணத்தின் உச்சவரம்பு 2025-26 கல்வியாண்டில் 9,535 பவுண்டு. கடன் எடுத்தால், 2023 ஓகஸ்ட் முதல் படிப்பைத் தொடங்கியவர்கள் வருடத்துக்கு 25,000 பவுண்டுக்கு மேல் உழைக்கும் தொகையில் 9 வீதத்தைத் திருப்பிக் கட்டுவார்கள். பிளேஸ்மன்ட்டுக்கு முன் டி.பி.எஸ். என்ற குற்றப்பதிவுச் சோதனை நடக்கும். ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: இந்தப் படிப்பில் பிளேஸ்மன்ட் உண்டா, எத்தனை மணித்தியாலம்? சிலவற்றில் அது இல்லவே இல்லை. தெரிவு இருந்தால் நான் இருப்பதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

இலங்கையிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ மாணவர் விசாவில் வர நினைக்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணம் இதைவிட மிக அதிகம். படிக்கும் காலத்தில் தவணைக்குள் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். கெயாரர் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து நேரடியாக ஆள் எடுப்பதை 2025 ஜூலை 22 உடன் நிறுத்திவிட்டார்கள். வீட்டை ஈடுவைத்துப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர், முகவரின் வாயை நம்பாமல் பிரித்தானிய அரசின் இணையத்தளத்தில் அன்றன்றைய விதியைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கடைசியாக விண்ணப்பம். 2026 இல் சேர்கிறவர்களிலிருந்து பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான யூகாஸ் விண்ணப்பத்தின் சுயவிளக்கம் மூன்று கேள்விகளாக மாறியிருக்கிறது, மொத்தம் 4,000 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. மூன்றாவது கேள்வி, படிப்புக்கு வெளியே உங்களை எப்படித் தயார்ப்படுத்தினீர்கள் என்பது. எங்கள் பிள்ளைகள் அந்த இடத்தில் எழுத ஒன்றுமில்லை என்று என்னிடம் வருவார்கள். பேசிக்கொண்டிருக்கும்போது மெல்லத் தெரியவரும், வீட்டில் அம்மப்பா பக்கவாதத்தில் கிடக்கிறார், பள்ளிக்கூடம் போகுமுன் இவர்தான் சவரம் செய்துவிடுகிறார், ஜி.பி.யிடம் கூட்டிப்போய் மொழிபெயர்க்கிறார், குளிசைப் பெட்டியை ஞாயிற்றுக்கிழமைகளில் நிரப்புகிறார். அதை எழுதுங்கள். சவரக் கத்தி கன்னத்தில் எந்தப் பக்கம் உணர்வில்லை என்பதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பது உட்பட.